மணிக்கட்டின் சாட்சியம்

சென்ற ஆண்டு ஒருநாள் அஸருக்குப் பின் மூதாட்டி ஒருவர் எம் இல்லத்திற்கு மஸ்அலா கேட்க வந்தார். துபாயில் பணிபுரியும் அவருடைய மகன், தாயாரின் இருதயக் கோளாற்றைக் கருதி, நாடித்துடிப்பைக் கணிக்கும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். கடிகாரம் இங்கே தாயின் கையில். அது கணிப்பவையெல்லாம் அங்கே மகனின் கைப்பேசியில். ஒரு காலையில் மகன் அழைத்து, "உம்மா, மூன்று இரவுகளாக இரண்டு மணிக்கு மேல் நீங்கள் உறங்கவே இல்லையே, என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது ஒன்று உண்டு. மணமாகிச் சென்ற மகள் தன் இல்லறத்தில் நேர்ந்த சங்கடமொன்றைத் தாயிடம் மட்டும் சொல்லி, அண்ணன் காதுக்கு எட்டலாகாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழுதாகிவிட்டதென்று மகனிடம் சொல்லிவிட்டார். "பிள்ளை ஆசையாய் அனுப்பியதைக் கழற்றியது குற்றமா ஹஜ்ரத்? பொய் சொன்னதற்கு என்ன செய்வது?" இதுவே கேள்வி.

இரகசியம் பற்றிய கேள்வியை ஏட்டில் எழுதலாமா என்று வாசகர் வினவக்கூடும். அவரிடம் கேட்டேன். ஊரையும் உறவையும் மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மின்னிக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் ஓடும் குருதி அவ்வொளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகித் தணிவதால் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறையும். அதிலிருந்து நாடி கணிக்கப்படுகிறது. கையின் அசைவைக் கொண்டு உறக்கமும், சில கருவிகளில் தோலின் வெப்பத்தைக் கொண்டு பெண்களின் மாதச் சுழற்சியும் ஊகிக்கப்படுகின்றன. மருத்துவர் நாடி பிடித்தால் ஒரு நிமிடத்தில் கையை விட்டுவிடுவார். இது விடுவதில்லை. கணித்தவை கைப்பேசிக்கும், பெரும்பாலும் அங்கிருந்து கம்பெனியின் கணினிக்கும் போய்ச் சேருகின்றன.

'நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, எத்தனை அடி நடந்தோம் என்பதை யார் அறிந்தால் என்ன?' என்பார் உளர். இதற்குரிய விடையை ஹிஜ்ரி 505 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் காண்கிறேன். இஹ்யாவில் நன்மையை ஏவித் தீமையை விலக்கும் அதிகாரியின் எல்லைகளை அவர்கள் வகுக்கும்போது, வீட்டுக்கு வெளியே நின்று இசைக்கருவியின் ஒலியை ஒட்டுக்கேட்பதும், மது வாடை வருகிறதா என்று மோப்பம் பிடிப்பதும், ஒருவன் ஆடைக்குள் வைத்திருப்பது குழல்தானா என்று தடவிப் பார்ப்பதும் ஆகாது என்ற கருத்தை உரைக்கிறார்கள். எவ்வளவு நுட்பமான பார்வை! கதவை உடைத்து நுழைவதை மட்டுமன்றி, வெளியில் கசியும் சிறு குறிப்பிலிருந்து உள்ளிருப்பதை ஊகித்தறிவதையும் துருவுதல் என்றே கண்டார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகின்ற தஜஸ்ஸுஸ் என்பது இதுவே. இற்றைநாள் கருவியும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாடியைத் தடவியே, கவலையோ காய்ச்சலோ கருப்பமோ என்று கணக்கிட முயல்கிறது.

பெண்ணின் மாதவிடாய் பற்றி ஃபிக்ஹு நூல்கள் கூறுவதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். இத்தா முடிந்ததா இல்லையா என்பதில், காலக்கணக்குக்குப் பொருந்துமளவும் பெண்ணின் சொல்லே ஏற்கப்படுகிறது. அவள் உடலின் செய்தி அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ என்ற செயலியின் மீது குற்றஞ்சாட்டியது. தனிச்செய்திகளைக் காப்போம் என்று பெண்களுக்கு வாக்களித்துவிட்டு, அவற்றை ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குச் செல்லவிட்டது என்பதே குற்றச்சாட்டு. கம்பெனி தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் செய்துகொண்டது. தாயிடம் சொல்ல நாணுவதை முகமறியா வணிகனிடம் சொல்லும் காலம் இது!

எனினும் கருவியை முற்றிலும் பழிப்பது நீதியன்று. ஒழுங்கற்ற இதயத்துடிப்பை முன்கூட்டி உணர்த்திப் பலரை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். எவனோ புகுந்து கொன்றான் என்றார் கணவர். கொலை நடந்ததாக அவர் கூறிய நேரத்திற்குப் பிறகும் அப்பெண் நடமாடியதை அவர் அணிந்திருந்த கருவி காட்டிக்கொடுத்தது. 2022 இல் கணவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாசீன் அத்தியாயம் மறுமையைப் பற்றி அறிவிப்பதை ஓதிப் பழகிய நமக்கு இச்செய்தி உடல் சிலிர்க்க வைப்பது. ஆனால் அந்தச் சாட்சியம் யாவும் அறிந்த நீதிபதியின் முன் சொல்லப்படுவது. அதை நாள்தோறும் விளம்பரக்காரன் முன்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்னும் சொல்லவைப்பதற்கு என்ன தேவை வந்தது? நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற சட்டவிதியை நாம் எளிதில் எடுத்தாள்கிறோம். அந்நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்ற அடுத்த விதியை, மஜல்லாவில் 22 ஆவதாக நிற்பதை, மறந்துவிடுகிறோம்.

இடையில் ஒன்று. இளைஞர் சிலர் தவாபில் எத்தனை அடி நடந்தோம், தஹஜ்ஜுதுக்கு எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். மறைவாய் இருந்த வணக்கத்திற்கும் கணக்குப்பிள்ளை வந்துவிட்டான்.

இந்தியாவில் 2023 இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தடையற்றதாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும், கொடுத்த எளிமையோடே திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. கம்பெனியைக் கேட்கும் சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. மூதாட்டியின் வழக்கோ வாசலுக்கு உள்ளே நடப்பது.

ஷரீஅத் வாசலுக்கு உள்ளேயும் வருகிறது. அந்நூர் அத்தியாயம் அயலார் வீட்டில் நுழைய அனுமதி கேட்கச் சொன்னதோடு நில்லாமல், ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்திருக்கும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டிலுள்ள சிறுவர்கூட அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டும் என்று விதிக்கிறது. முவத்தாவில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு மனிதர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என்றார். ஆம் என்றார்கள். அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்றார். அப்போதும் கேள் என்றார்கள். அவருக்குப் பணிவிடை செய்பவனே நான்தான் என்றார். அதற்குப் பின்னும் விடை மாறவில்லை. பணிவிடை செய்யும் அன்பும் அனுமதிக்கு ஈடாகாது என்பதை அன்றி இதில் வேறென்ன விளங்குகிறது?

மற்றொன்றும் உண்டு. ஒருவர் செய்தியொன்றைச் சொல்லும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாராயின், அது கேட்டவரிடம் அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் நபிமொழி வந்துள்ளது. மகள் அவ்வாறு திரும்பிப் பார்த்துச் சொன்னாள். தாயும் வாயைக் காத்தார். நாடிக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

ஆகவே மூதாட்டியிடம் இவ்வாறு சொன்னேன்: "கழற்றியது குற்றமன்று. அமானிதத்தை அநியாயக்காரன் வற்புறுத்திக் கேட்டால் பொய்யாலும் மறைக்க அறிஞர்கள் இடம் தந்திருக்கிறார்கள். உங்கள் மகன் அநியாயக்காரர் அல்லர். ஆகையால் அந்தச் சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கடிகாரம் நன்றாகவே இருக்கிறது, இரவில் கட்டமாட்டேன், காரணம் கேட்காதே என்று சொல்லுங்கள். அதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இரவிலும் வேண்டுமென்று அவர் சொன்னால் அது வேறு மஸ்அலா."

மருத்துவர் பகலில் போதும் என்றாராம். மகனிடமும் சொல்லிவிட்டார். இரண்டு நாட்கள் அவர் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, தம் கைப்பேசிக்குச் செய்தி வராமல் நிறுத்துவது எப்படி என்று தாயாருக்கு அவரே சொல்லிக்கொடுத்தாராம். இப்போது ஃபஜ்ருக்குப் பின் கட்டிக்கொள்கிறார். இஷா தொழுததும் கழற்றி வைத்துவிடுகிறார்.