பெரிய எழுத்தும் வாய்மையும்
சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, என்றும் உள்ளது என்றனர் பழைய இந்தியத் தத்துவ மரபினரான மீமாம்சகர். ஏற்பாட்டால் வந்தது என்றனர் மற்றொரு மரபினரான நையாயிகர். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அலகின் பெயரை எழுதுபவர் முன்னும் இந்தப் பழைய வழக்கு நிற்கிறது. அளவைக் குறியீடுகளில் நையாயிகர் பக்கமே நியாயம் என்பேன். ஆங்கிலச் சிறிய எம் மில்லியையும் பெரிய எம் மெகாவையும் குறிக்க இயற்கையில் காரணம் எதுவும் இல்லை. ஆனால் வெறும் ஏற்பாடுதானே என்று அலட்சியம் செய்ய முடியாது. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு. இயற்கை காவாத உறவை எழுதுபவரின் ஒழுக்கம்தான் காக்கிறது. அதில் தவறுவது, எவ்வளவு சிறிதானாலும், வாய்மையில் குறைவது.

சூழலே பொருளைக் காட்டிவிடுமே என்பார்கள். மில்லிவாட்டை மெகாவாட்டாக யாரும் கொள்ளமாட்டார், உண்மைதான். பிட்டும் பைட்டும் அப்படியல்ல. பதிவிறக்க வேக வரம்பில் 100 என்று நிரப்புகிறோம். அருகே சிறிய பி என்றால் மெகாபிட், பெரிய பி என்றால் மெகாபைட், அதாவது எட்டு மடங்கு. இரண்டுமே நடக்கக்கூடிய வேகங்கள் என்பதால் சூழல் வாய் திறக்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் எழுதிப் பழகிய கண்ணுக்கு இது இன்னும் எளிதில் தப்பும். மரபே மாறுகிறதே, லிட்டருக்குப் பெரிய எல் எழுத்தும் 1979-இல் ஏற்கப்பட்டதே என்றும் கேட்கலாம். சிறிய எல், ஒன்று என்ற எண்ணாகத் தோன்றி வாசிப்பவரைக் குழப்பியதால், நாடுகள் கூடி அதை ஏற்றன. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று ஒருவர் தாமாக எழுத்தை மாற்றுவது அந்த வகையில் சேராது.