குழந்தைகளின் நடைக்கேற்ப

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையில் அமைந்துள்ள ஊர் அடி அண்ணாமலை. முழுநிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் மெல்ல நடந்து செல்லும் அந்தச் சாலையில், ஒரு மாலைவேளை நாம் கண்ட காட்சி வேறு. மீசை அரும்பாத சிறுவன் ஒருவன் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் பறந்தான். தேநீர்க் கடை வாசலில் நின்ற அவனுடைய தந்தையோ, "பதினாலு வயசுதான் சாமி ஆவுது, எப்படி ஓட்டுறான் பாத்தீங்களா!" என்றார். அந்தப் பெருமிதத்துக்கு என்ன மறுமொழி கூறுவதென்று அறியாமல் நாம் வீடு திரும்பினோம்.

இதே பெருமிதத்தை ஒழுங்குபடுத்தி விளையாட்டாக்கியோரும் உண்டு. அமெரிக்காவில் 1992இல் தொடங்கப்பெற்ற சிறுவர் 'டிராக்' பந்தயத்தில், 5 முதல் 17 வயதுக்குட்பட்டோர் பாதியளவுக் கார்களில் 201 மீட்டர் நேர்ப்பாதையில் விரைகின்றனர். தந்தை எஞ்சினைச் செப்பனிட, தாய் இருக்கைப் பட்டையை இறுக்கிக் கட்ட, குடும்பமே ஓர் அணியாகிறது. நம் நாட்டிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயன், கார் பந்தய வீரர் ஒருவரின் மகனே. பொறுமை, ஒழுக்கம், தோல்வியைத் தாங்கும் மனம் ஆகியவற்றை இவ்விளையாட்டும் கற்பிக்கிறது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. விளையாட்டையும் அளவோடு மேற்கொள்ளும்போது அது நற்பண்பே எனப் புனித தாமஸ் அக்குவினாசும் கற்பித்துள்ளார்.

எனினும், 2023ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் நிகழ்ந்த இரு சாவுகள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. சனவரியில் கார் பந்தயத்தில் உயிர்நீத்தவர் 59 வயதான கே. இ. குமார். ஆகஸ்டு 5ஆம் நாள் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தவன் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஸ்ரேயஸ் ஹரீஷ். இரண்டும் துயரமே. அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு முன் தீர்ப்புக்கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் காணாதிருக்க முடியாது. முதியவர் தாம் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை அறிந்திருந்தார். சாவு என்பது இன்னதென்று பதின்மூன்று வயதுக்குத் தெரியுமா?

தெரியாது என்பதால்தான் பெற்றோரின் இசைவு கேட்கப்படுகிறது. ஆனால் கையொப்பமிடுபவர் ஒருவர், ஆபத்தை ஏற்பவர் மற்றொருவர். பிறருடைய உயிரைப் பணயம் வைக்க அன்புக்கும் உரிமையுண்டோ? ஆபத்தே இல்லாத வளர்ப்பு எங்குமில்லை என்று சிலர் கூறுவர். உண்மைதான். நீந்தக் கற்பிக்கும் தந்தையும் பிள்ளையை ஆழ்நீரில்தான் இறக்குகிறார். அவ்வாறாயின் வேறுபாட்டை எங்ஙனம் அறிவது? நம் எண்ணத்தில் உரைகல் ஒன்றே: "எனக்கு இது வேண்டாம், அப்பா" என்று பிள்ளை கூறினால், தந்தையின் முகம் வாடாதிருக்குமா? வாடுமெனில், அந்த ஆசை பிள்ளையுடையதன்று. தந்தையின் ஆசையைப் பிள்ளை சுமக்கிறது.

பந்தயத் திடலைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிக்கவும் இயலாது. அங்கே தலைக்கவசம் உண்டு, மருத்துவ வண்டி உண்டு, எதிரே வரும் லாரி இல்லை. நம் தெருவில் இவற்றுள் எதுவுமின்றியே சாவியைக் கொடுக்கிறோம். சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டென 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறுகிறது. வேகத்தின்மீது கொண்ட மோகத்தால் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ சாலையில் ஊறு விளைவிப்போர் கடுமையான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் எனத் திருச்சபையின் மறைக்கல்வியும் (2290) எச்சரிக்கிறது. ஒப்புரவு அருள்சாதனத்தில் இக்குற்றத்தை அறிக்கையிட்டவரை நம் பணிவாழ்வில் நாம் கண்டதில்லை. அதைப் பாவமென்று மறையுரையில் எடுத்துரைக்காத குறையும் நம்முடையதே.

தொடக்கநூலின் 33ஆம் அதிகாரத்தில், தன்னோடு சேர்ந்து பயணம் செய்ய அழைத்த ஏசாவிடம் யாக்கோபு, பிள்ளைகள் இளைஞர் என்றும், அவர்களுடைய நடைக்கேற்ப மெல்லவே தான் வரக்கூடும் என்றும் கூறி, அண்ணனை முன்னே அனுப்பிவிடுகிறார். பிறப்பிலிருந்தே அண்ணனின் குதிகாலைப் பற்றி முந்த விரும்பிய மனிதர் அவர். தந்தையான பின்பு பிந்துவதற்கு அவர் நாணவில்லை.

அடுத்த முழுநிலவில் அதே அடி அண்ணாமலைச் சாலையோரம் நாம் நின்றிருந்தோம். தோளில் அமர்ந்திருந்த சிறுமி இறங்கி நடப்பேனென்று அடம்பிடிக்க, தந்தை அவளை இறக்கிவிட்டார். அவள் இரண்டடி வைக்க அவர் ஓரடி வைத்தார். கூட்டம் அவர்களைக் கடந்து சென்றுகொண்டேயிருந்தது. தேநீர்க் கடைத் தந்தைக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி எம் கண்முன்னே நடந்து சென்றது. இனியேனும் அவரைத் தேடிச் சென்று கூறுவோம்.