பூனைக்கும் இன்சுலினா?

ஒரு பூனைக்காக நாள்தோறும் இருமுறை ஊசி போட்டு, அதற்கெனப் பணமும் நேரமும் செலவிடுவது அறமா, ஆடம்பரமா? சேலம், நாமக்கல் சமவெளியின் சில இல்லங்களிலேனும் இன்று இக்கேள்வி எழத்தான் செய்கிறது. எலி பிடிக்க வந்து, அடுப்படியில் உறங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த பூனைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லும்போது வீட்டார் வியக்கின்றனர். அண்டை வீட்டார் நகைக்கின்றனர். வியப்பும் நகைப்பும் ஓய்ந்தபின் எஞ்சி நிற்பது அந்தக் கேள்வியே. உணர்ச்சிவயப்படாமல் அதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

முதலில் நோயை அறிவோம். பூனை வழக்கத்திற்கு மாறாக அடிக்கடி நீர் குடிக்கிறது. மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது. நன்றாக உண்டும் மெலிகிறது. நோய் முற்றினால் பின்னங்கால்களின் நரம்பு தளர்ந்து, குதிகால் தரையில் படிய நடக்கிறது. மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பெரிதும் ஒத்தது இது. உடற்பருமன் அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. பூனை இயல்பிலேயே ஊன் உண்ணி. நாமோ பால்சோறும் தயிர்சோறும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்குகிறோம். அன்பின் பெயரால் நாம் ஊட்டியதும் நோய்க்குத் துணை நின்றிருக்கலாம் என்னும்போது, மருத்துவம் என்பது வெறும் இரக்கச் செயலாக இல்லாமல் பொறுப்பாகவும் மாறிவிடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் தவறக் கூடாதவை. பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, மருத்துவர் குறித்த அளவு இன்சுலினைத் தோலுக்கடியில் செலுத்த வேண்டும். மருந்துப் புட்டியில் 40 யூனிட், 100 யூனிட் என இரு வகை உண்டு. ஊசிக்குழலும் அதற்கேற்றதாக இருத்தல் வேண்டும். 40க்கு உரிய குழலில் 100 யூனிட் மருந்தை அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அது உயிரையே வாங்கிவிடலாம். பூனை உணவைத் தொடாத நாளில் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கி அது தள்ளாடினாலோ நடுங்கினாலோ, ஈறில் சிறிது தேனோ சர்க்கரைப் பாகோ தடவி, உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். கோடையில் வெயில் கொளுத்தும் நம் ஊர்களில் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில், உறைந்துவிடாமல் காப்பதும் ஒரு கடமை. சோற்றைக் குறைத்து முட்டையும் கோழியும் மீனும் கொடுத்து, தொடக்கத்திலேயே ஒழுங்காக மருத்துவம் செய்தால், சில பூனைகள் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. எல்லாப் பூனைகளும் அல்ல. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருப்பதால், இவ்வட்டாரத்தாருக்கு அறிவுரை எட்டாத் தொலைவில் இல்லை.

இனி, எதிர்வாதத்தைக் கேட்போம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையோர் எனக் கணித்தது. மருந்து வாங்க வழியின்றிக் கால் இழந்தோரும் கண் இழந்தோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நடுவே பூனைக்கு ஊசி போடுவது எத்தகைய நீதி? மேலும், நாமக்கல் மண்ணில் கோடிக்கணக்கான கோழிகள் கூண்டுகளில் வாழ்ந்து முட்டையிட்டு மடிகின்றன. அவற்றுக்குப் பெயரில்லை, எண்ணிக்கை மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று நோயுற்றால் எவரும் இரவில் விழித்திருப்பதில்லை. பெயரிட்டதனாலேயே ஓர் உயிருக்கு மதிப்பு கூடிவிடுமா?

நம் பழைய இலக்கியம் இக்கேள்வியை வேறு வடிவில் முன்னரே கேட்டிருக்கிறது. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறோம். கொல்லிமலை ஆண்ட ஓரியும் அவ்வரிசையில் வருபவனே. ஆனால் புறநானூற்றில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அதே பேகனிடம் சென்று கேட்டது பொன்னும் பொருளுமன்று. அவன் பிரிந்து வாழ்ந்ததால் கண்ணீரோடிருந்த மனைவி கண்ணகியிடம் திரும்புமாறே வேண்டினர். மயிலுக்கு ஈந்தது தவறு என்று புலவர்கள் சொல்லவில்லை. மயிலின் குளிரை உணர்ந்த நெஞ்சு மனைவியின் துயரை உணராதிருப்பது எங்ஙனம் என்பதே அவர்தம் வேண்டுகோளின் உட்பொருள். போர்வையைப் பறிக்கச் சொல்லாமல், அருளை விரிக்கச் சொன்னார்கள்.

திருச்சபையின் போதனையும் இங்கு நமக்குத் துணை நிற்கிறது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில் மூன்று கருத்துகளைக் கூறுகிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது. மனிதத் துயர் துடைக்க முதன்மையாகச் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது. அவற்றை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்கு மடைமாற்றக் கூடாது. முதற்கருத்தை மட்டும் பிடித்துக்கொள்வோரும் உண்டு. இரண்டாவதை மட்டும் ஓங்கிச் சொல்வோரும் உண்டு. மூன்றையும் ஒருசேர ஏற்பதே கடினம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, பூனைக்குச் செலவிடலாமா என்பதன்று. யாருடைய பங்கிலிருந்து செலவிடுகிறோம் என்பதே. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் கூலியைக் குறைத்தோ, முதியவரின் கண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டோ பூனையைக் காப்பது அருளாகாது. அரசு மருத்துவமனையில் பாட்டிக்கு இலவசமாகக் கிடைக்கும் இன்சுலினைப் பூனைக்குப் பங்கிடுவதும் முறையன்று. அது வேறோர் ஏழைக்கு உரிய மருந்து. ஆனால் நம் ஆடையிலும் விருந்திலும் சிறிது குறைத்து அச்செலவை ஏற்போமாயின், அதைக் குறைகூற எவருக்கு உரிமையுண்டு? ஒருவர் திருமண விருந்தில் வீணாக்கும் உணவைப் பற்றிக் கேள்வி எழுப்பாத நாம், அவர் பூனைக்கு வாங்கும் மருந்தைப் பற்றி மட்டும் ஏழைகளின் பெயரால் கேள்வி எழுப்புவது நேர்மையன்று.

இன்னுமொரு கணக்கும் உண்டு. 1889இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கணையத்திற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டது ஒரு நாயின் உடலில். 1921இல் டொரண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைத் தேடியதும் நாய்களின் உடலில்தான். கண்டுபிடித்தோர் 1923இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். அந்த நாய்களை எவர் நினைக்கிறோம்? பின்னர்ப் பல பத்தாண்டுகள் மனிதரை வாழவைத்த இன்சுலின், மாடுகளின், பன்றிகளின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. மாட்டின் இன்சுலினுக்கும் பூனையின் இன்சுலினுக்கும் இடையே ஒரேயோர் அமினோ அமிலமே வேறுபாடு. விலங்குகளிடமிருந்து நாம் பெற்ற மருந்தில் ஒரு துளியை ஒரு விலங்குக்குத் திருப்பித் தருவது ஆடம்பரமன்று. கடனில் ஒரு சிறு தவணை.

கூண்டுக் கோழியின் கேள்விக்கு இதனால் முழு விடை கிடைத்துவிடாது. பூனைக்குக் கொடுக்கும் இறைச்சியும் வேறோர் உயிரினுடையதே. இம்முரணை மறைக்க வேண்டியதில்லை. நம்மை நம்பி நம் கூரையின்கீழ் வாழும் உயிருக்குத் தனிக் கடமை உண்டு; அக்கடமை மற்ற உயிர்களைக் காணாதிருக்கத் தரும் உரிமைச் சீட்டன்று. ஒன்றின் வலியைக் கூர்ந்து கற்றவர், கூண்டுகளைக் கடந்து செல்லும்போது முன்போல் கண்ணை மூடிக்கொள்ள இயலாது. அந்த மனவுறுத்தலே நல்லதொரு தொடக்கம்.

எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஊசி எதற்கு என்று பூனைக்குத் தெரியாது. அதன் இசைவை நாம் கேட்கவும் முடியாது. ஆகவே அதற்கு நலம் தரும் வரையில்தான் நம் மருத்துவம் நியாயமானது. உண்ணாமல், எழாமல், வலி மட்டுமே எஞ்சிய நிலையிலும், நம்மால் பிரிவைத் தாங்க முடியவில்லை என்பதற்காக ஊசியைத் தொடர்ந்தால், அப்போது நாம் பேணுவது பூனையை அன்று, நம் துயரத்தையே. வழியும் வசதியும் இல்லாத ஏழை வீட்டார் அதனைக் காக்க இயலாமற்போனால் அவர்மேல் பழி சுமத்துவதும் தகாது. இயலாமை வேறு, இரக்கமின்மை வேறு.

நாள்தோறும் குறித்த நேரத்தில், பேசவியலாத ஓர் உயிருக்காக எழுந்து, நடுங்காத கையோடு அளவறிந்து மருந்திடப் பழகும் மனிதர், அதே பொறுமையை வீட்டிலுள்ள முதியவரிடமும் வாயிலில் நிற்கும் எளியவரிடமும் காட்டுவாரானால், அவர் செலவிட்டது எதுவும் வீணன்று. காட்டாராயின், பேகனிடம் சென்ற புலவர்கள் அவர் வாயிலுக்கும் வருவார்கள்.