ஆடையும் அறமும்

உடையில் மோகங்கொண்ட இளைஞரைக் குறிக்க ஒவ்வொரு சமூகமும் ஓர் ஏளனச் சொல்லைப் படைத்துக்கொள்கிறது. ஜேர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்த பிரான்சில், 1940களின் தொடக்கத்தில் வழங்கிய அத்தகைய சொல் ‘ஸசூ’ என்பதாகும். அமெரிக்க ஜாஸ் பாடகர் காப் கலோவே 1933இற் பாடிய பாட்டொன்றின் பொருளற்ற ஒலியினின்று அது பிறந்தது என்பர்.

துணிக்குப் பங்கீடு நிலவிய காலம் அது. முடிவெட்டும் கடைகளிற் சேரும் மயிரையும் நெசவுக்கென அரசு திரட்டிற்று. அக்காலத்திலேதான் ஸசூ இளைஞர் முழங்காலை எட்டும் கோட்டும், எண்ணெய் பூசிய நீள்முடியும், மழையிலும் விரியாத குடையுமாகப் பரிஸின் காப்பிக் கடைகளில் அமர்ந்திருந்தனர். இவர்களுட் பலர் வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைகள். பாணுக்கு வரிசையில் நின்ற தொழிலாளியின் கண்ணுக்கு இது வெறும் ஊதாரித்தனமாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. நாமும் அவ்வாறே தீர்ப்பளித்திருப்போம்.

ஆயின், இவர்களை வேட்டையாடியோர் யார்? ‘உழைப்பு, குடும்பம், தாயகம்’ என முழங்கிய விஷி அரசின் ஆதரவாளர். ஒருகாலத்திற் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களுள் ஒருவனாயிருந்து பாசிசத்துக்குத் தாவிய ஜாக் டோரியோவின் படையினர். 1942 கோடையில் இவர்கள் தெருத்தெருவாக அலைந்து ஸசூக்களைப் பிடித்து முடியை மழித்தனர். ஒழுக்கம், எளிமை என்ற சொற்கள் அவர்கள் வாயிலும் இருந்தன.

அதே ஆண்டு ஜூனில், ஆக்கிரமிப்புப் பகுதியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் யாவரும் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டுமென்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. யூதரல்லாத இளைஞர் சிலர் தாமும் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு, அதில் ‘ஸசூ’ என்றும் ‘சுவிங்’ என்றும் எழுதித் தெருவில் நடந்தனர். பிடிபட்டோரிற் சிலர் டிரான்சி முகாமில் ஏறத்தாழ மூன்று மாதம் அடைக்கப்பட்டனர். வசைச்சொல் அங்கே தோழமைச் சொல்லாயிற்று.

இதனால் நாகரிக மோகம் புரட்சியாகிவிடாது. 1794–95இல் இதே பரிஸில், வாசனை பூசிய ‘முஸ்கதன்’ இளைஞர் தடியேந்தி ஜக்கோபின்களை அடித்து நொறுக்கினர். மோகம் ஒன்றே, நின்ற பக்கம் வேறு. ஆதலின் ஆடை மனிதனை அளக்கும் கோலன்று.

மாணவரின் முடியையும் காற்சட்டையையும் கண்டு கணத்திலே தீர்ப்புக் கூறும் பழக்கம் முற்போக்காளராகிய நம்மிடமும் உண்டு. துணியற்றவன் முன் ஆடம்பரம் காட்டுவது தவறே. அதைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை. ஆனாற் சொல்லுமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எளிமையை வற்புறுத்தும் குரல் யாருடையது? அயலான்மீது முத்திரை குத்தப்படும்போது இவ்விளைஞன் எங்கே நிற்பான்?

இரண்டாவது வினா நமக்கும் உரியது. எளிய உடை அணிந்த எத்தனையோ பேர் அந்த ஜூன் மாதத்தில் வாளாவிருந்தனர்.