இவள்தான் அவள்: முன்னாள் மாணவிகள் சந்திப்பும் ஸ்ரீபெரும்புதூர் வேதாந்தமும்

முப்பது ஆண்டு கழித்து ஒரு பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவிகள் ஒன்றுகூடும்போது, பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் நடப்பது அடையாளம் காணுதல். வந்தவளின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, “டென்த் பி செக்‌ஷன், ரெண்டாவது பெஞ்ச், நீதானே?” என்று கேட்கிறார்கள். உடம்பு மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, பெயருக்கு முன்னால் இருக்கும் இன்ஷியல்கூட அப்பாவிடமிருந்து கணவருக்குப் போயிருக்கிறது. இத்தனையும் மாறிய பிறகு ‘இவள்தான் அவள்’ என்ற முடிவு எதன்மேல் நிற்கிறது? இந்தியத் தத்துவத்தில் இது பழைய கேள்வி. பிரத்யபிக்ஞை, அதாவது முன்பு கண்டதை மறுபடி கண்டு இன்னதென்று அறிதல், என்ற தலைப்பில் பௌத்தரும் வேதாந்திகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் முக்கியமான ஒரு விடையைச் சொன்னவர், மரபுப்படி 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர்.

இன்றைய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் ஆலை திறந்தது. கைப்பேசி ஆலைகளின் அசெம்ப்ளி லைனில் நிற்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பலர் பிளஸ் டூ முடித்த கையோடு வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது என்பதிலிருந்தே அளவை ஊகிக்கலாம். ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, வேறு வேறு ஷிஃப்ட்டில் சிக்கி, மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதும் உண்டு. 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, எட்டு ஆண்டுகளில் அங்கே உருவாகியிருந்த இன்னொரு ‘வகுப்பறை’யும் கலைந்தது. அதற்கு ஹெட்மிஸ்ட்ரஸும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. கூடிப் பார்க்க ஒரு கட்டடம்கூட அவர்களுக்கு மிஞ்சவில்லை.

பெண்கள் பள்ளிச் சந்திப்பு ஆண்களுடையதைப் போன்றது அன்று. பையன்களில் பலர் வேலைக்காக வெளியூர் போனாலும் அவர்கள் வீடு அதே தெருவில் இருக்கும். அம்மாவைக் கேட்டால் நம்பர் கிடைக்கும். பெண் கல்யாணமாகிப் போனால் பிறந்த வீட்டாரே இடம் மாறியிருப்பார்கள். இந்த வட்டாரத்தில் நிலம் கையகப்படுத்தலில் வீடே இருக்காது. ஃபோன் கணவர் பெயரில் இருக்கும், எடுப்பவரும் அவராக இருக்கலாம். ஆகவே ஏற்பாடு செய்கிறவர்கள் ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள்: ஒருத்தியின் அண்ணி, இன்னொருத்தியின் பழைய டியூஷன் டீச்சர், மூன்றாமவள் கல்யாணத்துக்குச் சமைத்தவர். இப்படி வாசல் வாசலாகப் போய்த் தோழியரை எழுப்புவதற்குத் தமிழ்ச் சமயத்தில் முன்னுதாரணம் உண்டு. திருப்பாவையில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பெண்கள் எழுப்பப்படுகிறார்கள். எழுப்புகிறவர்கள் தாங்கள் மட்டும் போய்க் கண்ணனைக் கண்டிருக்கலாம். நல்லதைத் தனியே அனுபவிக்கக் கூடாது, தூங்குகிறவளையும் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதே இதற்கு வைணவ உரையாசிரியர்கள் கண்ட காரணம். திருப்பாவையில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் இராமானுசருக்குத் ‘திருப்பாவை ஜீயர்’ என்ற பெயரே உண்டு.

சிதறிப்போதல் இன்னும் பெரிய அளவில் நடந்த இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க இலங்கை மிஷன் 1824-இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி, ஆசியாவிலேயே மிகப் பழைய பெண்கள் உறைவிடப் பள்ளிகளுள் ஒன்று. ஹாரியட் வின்ஸ்லோ அதன் முதல் தலைவி. போர் அந்தப் பள்ளியின் பழைய மாணவிகளை லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் கொண்டுசேர்த்தது. அங்கெல்லாம் சங்கங்கள் அமைந்தன. 2024-இல் இருநூறாம் ஆண்டு வந்தபோது, ஊருக்குத் திரும்பி வாழ முடியாத பலருக்குப் பள்ளிதான் ஊரின் இடத்தில் இருந்தது. ஒரகடத்துக்கு வந்திருக்கும் பெண் தொழிலாளியின் பிரிவு அவ்வளவு கொடிதில்லை. ஆனால் கேள்வி அதேதான்: இடம் போன பிறகு ஆள் அதே ஆளா?

இல்லை என்பது பௌத்தத்தில் ஒரு சாராரின் விடை. எதுவும் ஒரு கணத்துக்குமேல் நிலைப்பதில்லை. ஒன்றைப் போன்ற இன்னொன்று அடுத்த கணத்தில் தோன்றுகிறது. ஒப்புமையைப் பார்த்து ‘அதே’ என்று மயங்குகிறோம். வெட்டியபின் வளர்ந்த கூந்தலை அதே கூந்தல் என்பதைப் போன்ற மயக்கம் இது என்பது அவர்கள் தரும் உதாரணம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள காஞ்சி இந்த வாதங்கள் வேரூன்றிய ஊர். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தர்க்கம், கற்பிப்பது அங்கேதான். அந்தக் காப்பியத்திலேயே ஒப்புமையை நம்பிய ஒருவனால் ஒரு கொலை நடக்கிறது. தன் மனைவி காயசண்டிகையின் வடிவத்தில் மணிமேகலை இருப்பதை அறியாத காஞ்சனன், அவளை மனைவி என்றே கொண்டு, அவளை நாடி வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டுகிறான். முகம் அதே, ஆள் வேறு. ஆகவே முகத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது என்று பௌத்தர் எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சந்திப்பில் அடையாளம் காண்பது முகத்தோடு முடிவதில்லை. லேப் எக்ஸாம் அன்று பீக்கரை உடைத்துவிட்டு மாட்டிக்கொண்டவள் அதை அவளே சொல்கிறாள். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரையில், இரண்டாம் அத்தியாயத்தில் கணபங்க வாதத்தை, அதாவது எதுவும் ஒரு கணமே நிலைக்கும் என்பதை, மறுக்கும் இடத்தில் இராமானுசர் பிடிப்பது இதைத்தான். ஒருவர் பட்டதை இன்னொருவர் நினைவுகூர முடியாது. நினைவு இருக்கிறது என்றால், அன்று பட்டவரும் இன்று நினைப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமானது அவருக்கும் அத்வைதிகளுக்கும் இடையிலான வழக்கு. ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்ற வாக்கியம் வேதாந்த நூல்களில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு. ‘அந்த’ என்பது அன்றைய இடத்தையும் காலத்தையும் குறிக்கிறது. ‘இவன்’ என்பது இன்றையவற்றைக் குறிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஆகவே இரண்டு அடைமொழிகளையும் கழித்துவிட்டு, எஞ்சும் வெறும் ஆளை மட்டும் கொள்ள வேண்டும் என்கிறது அத்வைதம். ‘தத்துவமசி’ (அது நீயே) என்ற மகாவாக்கியத்தையும் அது இப்படியே விளக்குகிறது. ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர உரையில் இராமானுசர் இதை ஏற்க மறுக்கிறார். எதையும் கழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்கிறார் அவர். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தால்தான் முரண். அன்று அங்கே, இன்று இங்கே என்றால் முரண் எங்கே வந்தது? இரண்டு காலமும் ஒரே ஆளுக்கு அடைமொழிகளாகப் பொருந்தும்.

கேட்பதற்குத் தர்க்க விளையாட்டாகத் தோன்றினாலும், ஒரு மண்டபத்தில் நாற்பது பெண்கள் கூடும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சந்திப்புகள் பெரும்பாலும் அத்வைத பாணியில் நடக்கின்றன. ‘இன்னிக்கு ஒரு நாள் எல்லாத்தையும் மறந்துட்டு ஸ்கூல் பொண்ணா இருப்போம்’ என்பது எழுதப்படாத விதி. வீடு, கடன், பணி, நோய் எல்லாம் கழிக்கப்படுகின்றன. இந்த விதி நல்லெண்ணத்தில் பிறந்ததுதான்; ஆனால் கழிக்க முடிந்தவர்களுக்குத்தான் அது வசதி. வாசலில் உள்ள வரவேற்புத் தட்டைப் பார்த்தால் புரியும். சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, கல்கண்டு, கிள்ளி வைத்த மல்லிகைச் சரம். கணவனை இழந்தவள் அந்தத் தட்டுக்கு முன்னால் என்ன செய்வாள்? பலர் கூட்டம் உள்ளே போனபின் வருகிறார்கள். அல்லது கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்றுவிட்டுத் தட்டைக் கடக்கிறார்கள். மறந்துவிடலாம் என்று சொன்ன கூட்டமே வாசலில் அவளுக்கு நினைவுபடுத்துகிறது. முஸ்லிம், கிறிஸ்தவ வகுப்புத் தோழிகளுக்கும் அந்தக் குங்குமம் ஒரு சிறு சங்கடம்தான். குங்குமத்தை எடுத்துவிட்டு ரோஜாவும் கல்கண்டும் மட்டும் வைப்பது ஒரு வழி. யார் முன்னாலும் தட்டை நீட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ள விடுவது இன்னொரு வழி. இராமானுசரின் வாதத்துக்கு இரண்டாவதே நெருக்கம். இன்றைய நிலையை மறைக்காமல், அதனால் ஒருத்தியைத் தாழ்த்தாமல் நடத்துவது அது. (இராமானுசரின் விசிஷ்டாத்வைத மரபு நடைமுறையில் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னதாக மரபு கூறும் அவரின் வழியில், திவ்யப் பிரபந்தம் ஓதும் கோயில் கோஷ்டிகளில் பெண்கள் நின்று ஓதும் வழக்கம் பொதுவாக இல்லை.)

அடையாளம் காண்பதில் சாட்சிக்கும் பங்கு உண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுதியுடையவர்களை நன்னூல் வரிசைப்படுத்துகிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். எல்லாக் கலையும் வல்லவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியில்லை என்பதால் இன்னொருவர் தேவை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் கற்றவர் என்பது மரபு. மணமான பெண்ணுக்கு இந்தச் சாட்சி இன்னும் அருமையானது. அவள் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவள், கணக்கில் சென்டம் வாங்கியவள் என்பது புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளே சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். பெற்றவர்கள் சொன்னால் பாசம். சந்திப்புக்கு அம்மாவோடு வந்த மகளிடம், “உங்கம்மா ஓடினா பிடிக்க ஆளே கிடையாது” என்று ஒரு தோழி சொல்லும்போதுதான் அது பிள்ளையின் காதில் செய்தியாக விழுகிறது.

ஸ்ரீபெரும்புதூரின் குருபரம்பரைக் கதையிலும் ஒரு உடன்கற்றவர் இருக்கிறார். பக்கத்து மதுரமங்கலத்தில் பிறந்த கோவிந்தர், இராமானுசரின் சிற்றன்னை மகன்; இருவரும் யாதவப் பிரகாசரிடம் ஒன்றாகப் படித்தார்கள். காசி யாத்திரையில் இராமானுசரைக் கொல்லத் திட்டம் இருப்பதை முன்கூட்டிச் சொல்லித் தப்பவைத்தவர் கோவிந்தர்தான் என்கிறது மரபு. பிறகு வழிகள் பிரிந்தன; கோவிந்தர் காளத்தியில் சிவபக்தரானார். நெடுநாளைக்குப்பின், அவருக்கு ஆசிரியரான திருமலை நம்பி அவரை மீட்டு வந்தார். திருப்பதியில் தோழர்கள் மறுபடி சேர்ந்தார்கள். கோவிந்தருக்கு எம்பார் என்ற பெயர் அதற்கும் பின்னால் வந்தது. கதையில் உறுத்தும் பகுதி அடுத்தது. நம்பி கோவிந்தரை இராமானுசருக்குக் கொடுத்துவிட்டார். ஆசிரியரைப் பிரிந்து இளைத்துப்போன கோவிந்தர் திரும்பி வந்தபோது, விற்ற பசுவுக்கு விற்றவன் புல் போடுவதில்லை என்று சொல்லி நம்பி அவரை உள்ளே அழைக்கவில்லை. சரணாகதிக்கு இதை உயர்ந்த பாடமாகச் சொல்வார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பிறந்த வீடு இதே கணக்கைப் பேசும்போது அதில் உயர்வு எதுவும் இல்லை. பிறந்த வீட்டுக் கதவு அப்படிச் சாத்தப்பட்ட பெண்களுக்குப் பழைய வகுப்புத் தோழியின் வீடு எத்தனையோ முறை திறந்திருக்கிறது.

மாறிப்போன தோழியை என்ன செய்வது என்பதை அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் கேட்கிறார். இளமையில் நண்பர்களாக இருந்த இருவரில் ஒருவர் மனத்தளவில் சிறுபிள்ளையாகவே நின்றுவிட, மற்றவர் வளர்ந்துவிட்டால் நட்பு எப்படி நீடிக்கும்? நீடிக்காது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பழைய நெருக்கத்தின் நினைவுக்காக அந்நியரிடம் காட்டுவதைவிடச் சற்று அதிகப் பரிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளுக்கு இது போதுமான அளவுகோல். பேரன் பிறந்தது, மகள் கல்யாணம், டயாலிசிஸுக்குப் பண உதவி, இரங்கல் ஆகிய நான்குக்கும் உயிர்த்தோழியாக இருக்க வேண்டியதில்லை. அந்நியராகவும் இருக்கக் கூடாது.

அடையாளம் காணப்பட விரும்பாதவர்களும் உண்டு. குடும்பத்தை விட்டு வந்து புதிய பெயரில் வேலை செய்பவள், பெண்கள் பள்ளியில் படித்து இன்று ஆணாக வாழ்பவர், பழைய அவமானத்தை மறுபடி தொட விரும்பாதவள். திருப்பாவைத் தோழியர் வாசலில் நின்று அழைக்கிறார்கள், உள்ளிருந்து பதில் பேசுகிறவளோடு வாதாடவும் செய்கிறார்கள், கதவை உடைப்பதில்லை. ஒருவரின் நம்பரைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பது கதவை உடைப்பதுதான்.

மறுபுறம், வர விரும்பியும் அழைக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றுபோனவர்கள்: கல்யாணத்தால், அப்பாவின் இறப்பால், கம்பெனி வேலையால். ‘இன்ன வருஷ பேட்ச்’ என்று பேனர் அடிக்கும்போது அவர்கள் எந்த வருஷத்திலும் சேராமல் விடுபடுகிறார்கள். முடித்தவள்தான் முன்னாள் மாணவி என்றால், நான்கு ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார்? அழைப்புப் பட்டியலைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவிலிருந்து எடுத்தால் அவள் அதில் இருக்க மாட்டாள். பள்ளி அலுவலகத்தின் சேர்க்கை, நீக்கல் பதிவேட்டில் அவள் பெயரும், சேர்ந்த தேதியும், நின்ற தேதியும் இருக்கின்றன. ஏற்பாடு செய்கிறவர்கள் அந்தப் பதிவேட்டிலிருந்து பட்டியலைத் தொடங்கலாம்.