வாயில்லா ஜீவன் காட்டும் வழி



பாலாம் என்பவனுடைய கழுதையின் சரித்திரத்தை ஞான உபதேச வகுப்பில் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். உருவிய வாளோடு வழியில் நின்ற சம்மனசானவரை அந்தக் கழுதை கண்டது. தேவ வாக்குச் சொல்லுகிறவன் என்று பேர்பெற்ற பாலாமோ காணவில்லை. காணாததோடு நில்லாமல், கண்ட கழுதையை மூன்று தரம் அடித்தான். அறிவாளி காணாததை ஒரு மிருகம் கண்டதென்பது நாம் சிரிப்பதற்காக மட்டும் வேதாகமத்தில் எழுதி வைக்கப்படவில்லை. ஏறக்குறைய அதற்கு ஒப்பான காரியம் நம்முடைய காலத்திலும் நடந்து வருகிறது. இங்கே கழுதையல்ல, குதிரை. அதைக் குறித்து இந்த வாரம் எழுத என் மனம் ஏவியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

1962-ம் வருஷம், அமெரிக்க தேசத்தில் மேரிலாந்து மாகாணத்தில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்னும் கத்தோலிக்க மாது ஒருவர் இருந்தார். அப்பொழுது அந்நாட்டு ஜனாதிபதியாயிருந்த ஜான் கென்னடியின் உடன்பிறந்த சகோதரி. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற ஒரு தாய் அவரைத் தொலைபேசியில் அழைத்து, கோடை விடுமுறை முகாம் எதிலும் தன் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்களே என்று முறையிட்டாள். யூனிஸ் அம்மையார் தம்முடைய சொந்த வீட்டுத் தோட்டத்தையே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். அங்கே அவர்கள் நீந்தினார்கள், பந்து உதைத்தார்கள், குதிரையேறினார்கள். வீட்டின் பின்கட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் குதிரையின் முதுகில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தார்கள்.

அந்த அம்மையாருக்கு இந்தத் துணிவு சும்மா வரவில்லை. அவருடைய மூத்த சகோதரி ரோஸ்மேரி, 1918-ல் பிறந்தவர், சிறு வயது முதலே கல்வியில் பின்தங்கியவர். பேரும் பொருளும் படைத்த குடும்பம். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். 1941-ல், ரோஸ்மேரிக்கு 23 வயதாயிருக்கையில், தகப்பனார் ஏற்பாடு செய்து மூளையில் ரண சிகிச்சை செய்வித்தார். சிகிச்சைக்குப் பின் அந்தப் பெண்ணின் பேச்சும் நடையும் சீர்குலைந்தன. இருந்த அறிவும் போயிற்று. அதன்பின் அவர் வெளியார் கண்ணுக்கு மறைக்கப்பட்டார். 1949 முதல் 2005-ல் இறக்கும்வரை விஸ்கான்சின் மாகாணத்தில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் நடத்திய இல்லத்தின் ஆதரவில் காலங்கழித்தார். யூனிஸ் அம்மையார் 1962-ல் ஒரு பத்திரிகையில் தம் சகோதரியின் மனவளர்ச்சிக் குறையை வெளிப்படையாக எழுதினார். தகப்பனாரைத் தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. அவரும் மகளின் மேல் பட்சத்தினாலேயே செய்திருக்கலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லாரும் தீர்மானித்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் முளைத்த விதையே 1968-ம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி சிகாகோ நகரில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டாக வளர்ந்தது. குதிரையேற்றமும் இன்று அதில் ஒரு போட்டி.

குதிரையைச் சிகிச்சைக்குத் துணையாகக் கொள்ளும் எண்ணம் பரவுவதற்கு டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்டெல் என்னும் பெண்மணி பெரிதும் காரணமானார். 1944-ல் இளம்பிள்ளைவாதம் கண்டு, முழங்காலுக்குக் கீழே கால்கள் விழுந்துபோயின. பிறர் தூக்கி ஏற்றிவிட்டால்தான் குதிரையில் அமரலாம். அப்படி அமர்ந்தே 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார், 1956-லும் பெற்றார். சரீர ஊனமுள்ளவர்களுக்காகத் தொடங்கிய சவாரி, பிறகு மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் உதவலாயிற்று. 1969-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன.

குதிரை என்னதான் செய்கிறது? அது நடக்கையில் அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழுமாக அசைகிறது. நாம் நடக்கும்போது நம்முடைய இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படியே. ஆகையால் தன் காலால் சரியாக நடக்க மாட்டாத பிள்ளைக்கும், குதிரையின்மேல் உட்கார்ந்த மாத்திரத்தில் நடையின் தாளம் சரீரத்தில் ஏறுகிறது. விழாமலிருக்க முதுகு நிமிர்கிறது, கழுத்து நிலைக்கிறது. ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்த, தேவையானால் இருபுறமும் இருவர் கூடவே நடக்கிறார்கள். சவாரிக்கு முன்னும் பின்னும் குதிரைக்குத் தூரிகை போடுவதும் பிள்ளையின் வேலை. பிறர் தலைவாரிவிட்டே வளர்ந்த பிள்ளை, தானே ஒரு பெரிய பிராணியைத் தேய்த்துவிடுகிறது!

இவற்றிலெல்லாம் என் மனதைத் தைத்தது வேறொன்று. குதிரையை நடத்துகிறவர் நடுவில் அதை நிறுத்திவிடுகிறார். பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அல்லது கையால் ஒரு சாடை காட்ட வேண்டும். அதன்பிறகுதான் குதிரை நகரும். பிள்ளைக்கு உடனே வாய் வராது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகலாம். அந்த நேரத்தில் கூட நிற்கிறவர்கள் பிள்ளைக்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது. இதைப் பழகுவதுதான் உதவி செய்ய வருகிற பெரியவர்களுக்கு மிகக் கஷ்டம். குதிரைக்கோ அவசரமில்லை. பிள்ளை எத்தனையாவது வகுப்பு என்று அது கேட்பதில்லை. முதுகின்மேல் இருப்பவர் பயப்படுகிறாரா, இளகியிருக்கிறாரா என்பதை மாத்திரம் அது உணர்ந்துகொள்ளும். நாம் உணராததை உணரும். கடைசியில் அந்த வார்த்தை வருகிறது, குதிரை நடக்கிறது. தன் வாழ்நாளெல்லாம் பிறர் இழுத்த பக்கம் போன பிள்ளை சொன்ன சொல்லுக்கு, அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனமுள்ள ஒரு ஜீவன் கீழ்ப்படிகிறது!

இது சொஸ்தமாக்கும் மருந்தென்று யாரும் நம்பிவிட வேண்டாம். புத்தி வளர்ச்சியின் குறை இதனால் நீங்குவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஏறவுங் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு உறுதியற்றிருக்குமாதலால், டாக்டர் பரிசோதித்து அனுமதித்த பிறகே ஏற்ற வேண்டும். செலவும் அதிகம்.

இனி நான் சொல்லுகிறேன் என்ற காரணத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஒரு தாய் பதினான்கு வயது மகனை அழைத்துவந்து, அவனுக்குப் புதுநன்மை கொடுக்கக் கேட்டாள். மனவளர்ச்சி குன்றிய பையன். நான் ஞான உபதேசப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவது கேள்வி கேட்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து எண்ணும் நேரங்கூட நான் பொறுத்திருக்க மாட்டேன். "அம்மா, இவன் மாசில்லாதவன், மோட்சம் இவனுக்கு நிச்சயம், புதுநன்மை அவசியமில்லை" என்று, ஆறுதல் சொல்லுவதாக நினைத்துச் சொல்லி அனுப்பினேன். "சரி சாமி" என்றாள். வெளியே போகும்போது பையன் தாயின் கையை விட்டுவிட்டு, தேவ நற்கருணைப் பேழைக்கு முன்பாக இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி நின்றான். தாய் இழுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பார்த்ததைச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அர்ச். பத்தாம் பத்திநாதர் 1910-ல் வெளியிட்ட தீர்மானத்தை நான் குருமடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதினவன். சாதாரண அப்பத்துக்கும் தேவ நற்கருணைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை தன் சக்திக்கு ஏற்ப அறிந்திருந்தால் போதும் என்பதே அதன் கருத்து. அந்த வித்தியாசத்தைப் பையன் என் கண்முன்னே முழங்காலிட்டுச் சொன்னான். பாலாமைப் போல் நான் காணவில்லை. ஒரு வருஷத்துக்குப் பின் மனம் உறுத்தி அவர்களைத் தேடிப்போனேன். வீடு பூட்டிக் கிடந்தது; பிழைப்புத் தேடி வேறு ஊர் போய்விட்டார்கள் என்றார்கள்.

நம்முடைய பங்கிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. வீடு மந்திரிக்க வரும்போது உள்ளறைக் கதவு சாத்தப்படுவதை நான் கவனிக்காமலில்லை. யார் செய்த பாவமோ என்று அக்கம்பக்கத்தார் பேசுவதற்கு அஞ்சுகிறீர்கள். பிறவிக் குருடனைக் குறித்து சீஷர்கள் அதையே கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று நம் ஆண்டவர் தீர்த்துச் சொன்னதை அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். பூசையில் சத்தம் போடுவான் என்று வேறு அஞ்சுகிறீர்கள். போடட்டும். பிரசங்கத்தின்போது குறட்டை விடுகிறவர்களை நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

புதுநன்மை வகுப்பு வருகிற மாதம் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் தொடங்கும். இந்தப் பிள்ளைகளின் பேரையும் கொடுங்கள். வயது எத்தனையானாலும் சரி. கோயிலுக்குக் கூட்டிவர முடியாதவர்கள் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினால், சாயங்காலம் நானே வீட்டுக்கு வருகிறேன். ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கொள்ளுகிறேன். நான் உங்கள் பிள்ளையிடம் ஏதாவது கேட்டு அது பேசாமலிருந்தால், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அவசரமில்லை.

உங்கள் பங்குச் சுவாமியார்