தீர்த்தத்திற்கும் ஒரு தனியன்

ஸ்ரீ:

திருநாளை ஸேவிக்க நெடுந்தொலைவிலிருந்து வந்திருக்கும் பாகவதர்களே!

வெயிலில் நடந்து வந்து, திருக்குளத்தில் கால் நனைத்து, மண்டபத்துக் கல் தரையின் குளிர்ச்சியில் சற்றே அமர்கிறோம். மடைப்பள்ளியிலிருந்து வந்த வெண்பொங்கல் தொன்னையில் சூடாகக் கைக்கு எட்டுகிறது. மிளகும் நெய்யும் மணக்கின்றன. அப்பொழுது உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி எளியதே ஆயினும் மெய்யானது. பற்றை அறுக்க வந்த இடத்தில் இத்தகைய சிறு சுகங்களில் நெஞ்சைச் செலுத்துவது தகுமோ என்று ஐயுறும் அன்பர்களும் உளர். அவ்வையத்தைப் பற்றிச் சில சொற்கள் விண்ணப்பம் செய்கிறேன்.

திருக்கோளூரைப் பாடிய 6-ஆம் பத்து 7-ஆம் திருவாய்மொழியில், நம்மாழ்வார் அன்னத்தையும் தண்ணீரையும் தாம்பூலத்தையும் வெவ்வேறாக எண்ணாமல் கண்ணனாகவே காண்கிறார். உலகத்தாருக்கு உடலைத் தாங்குவதும், வளர்ப்பதும், இன்பம் தருவதுமாகிய மூன்றும் ஆழ்வாருக்கு அவ்வொருவனே. சோற்றையும் நீரையும் அவர் வெறுத்து ஒதுக்கவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. எனவே சுவையை உணர்வதில் குற்றமில்லை. ‘இது என்னால் வந்தது, எனக்கே உரியது’ என்று எண்ணும் மறதியிலேதான் குற்றம் இருக்கிறது.

இம்மறதிக்கு மருந்து யாது? ஸ்ரீராமாயணத்தின் தொடக்கத்தில் வால்மீகி முனிவர், நற்குணங்கள் பலவற்றையும் ஒருங்கே உடையவன் இவ்வுலகில் எவன் என்று நாரதரை வினவுகிறார். அங்கே அவர் அடுக்கும் குணங்களில் நான்காவது ‘க்ருதஜ்ஞன்’ என்பது. க்ருதம் என்றால் செய்யப்பட்டது. ஜ்ஞன் என்றால் அறிபவன். தனக்குப் பிறர் செய்ததை அறிந்திருப்பவன் எவனோ அவனே நன்றியுடையவன் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே நன்றி ஓர் உணர்ச்சி என்பதற்கு முன்னரே ஓர் அறிவு ஆகும். அறியாதவனுக்கு நன்றி தோன்ற வழியில்லை. நூல்களைப் படிப்பது நன்றிக்குத் துணையாவது இதனாலேயே.

இதற்கு நம் ஸம்ப்ரதாயத்திலேயே சான்று உண்டு. காட்டுமன்னார்கோயில் என்று இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த நாதமுனிகள் காலத்தில் திவ்யப்ரபந்தம் வழக்கொழிந்து கிடந்தது. அவ்வூருக்கு யாத்திரையாக வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள், குடந்தை ஆராவமுதனைப் பற்றிய திருவாய்மொழிப் பாசுரங்களைப் பெருமாள் திருமுன்பே ஸேவித்தனர். ஆயிரத்துள் அவை ஒரு பத்து என்பதை அப்பாசுரத்திலிருந்தே உணர்ந்த நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார். அங்கும் அவை கிடைக்கவில்லை. மதுரகவியாழ்வார் தம் ஆசார்யரான நம்மாழ்வாரைப் போற்றிய 11 பாசுரங்கள் மட்டுமே பராங்குச தாஸரிடம் எஞ்சியிருந்தன. அந்தக் கண்ணிநுண்சிறுத்தாம்பை நாதமுனிகள் 12,000 முறை உருவிட, ஆழ்வார் தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை வரலாறு.

பாகவதர்களே! பெருநூல் மறைந்த காலத்திலும் மறையாமல் நின்றது ஒரு மாணாக்கரின் நன்றிப் பாடல். அதுவே மற்றவற்றைத் திறக்கும் திறவுகோல் ஆயிற்று. அதற்கும் முன்னே, பெயர் அறியப்படாத யாத்ரிகர்களின் நாவிலிருந்தன்றோ அத்தேடல் தொடங்கிற்று! இன்று அச்சுப் புத்தகத்தை நாம் மடியில் வைத்து எளிதாகப் புரட்டுகிறோம். அதன் ஒவ்வொரு பக்கத்திற்குப் பின்னும், மனப்பாடம் செய்தவர்கள், ஓலையில் எழுதியவர்கள், செல்லரிக்காமல் காத்தவர்கள் என்று எத்தனையோ கைகள் இருக்கின்றன. இவற்றை மறவாமைக்காகவே பெரியோர், ப்ரபந்தம் ஸேவிக்குமுன் தனியன் ஸேவிக்கும் முறையை வைத்தனர். திருவாய்மொழியின் வடமொழித் தனியனை அருளியவர் அதைத் தேடிக் கொணர்ந்த நாதமுனிகளே ஆவார்.

இவ்வளவும் பாடசாலையில் கற்ற அடியேன் கற்றபடி நின்றேனா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை உத்ஸவத்தில், தீர்த்தம் பெற்றுக்கொண்ட முதிய அம்மையார் ஒருவர், “ஸ்வாமி, இந்தத் தீர்த்தம் யார் கொண்டு வந்தது?” என்று கேட்டார். “பெருமாள் தீர்த்தம், அம்மா” என்றேன். “அது தெரியும் ஸ்வாமி. கிணற்றிலிருந்து சுமந்து வந்தவரைக் கேட்டேன். அவருக்கும் ஒரு தண்டன் ஸமர்ப்பிக்க வேண்டாமா?” என்றார். அடியேனுக்கு விடை தெரியவில்லை. விசாரித்தபோதுதான், நாள்தோறும் குடம் சுமக்கும் கைங்கர்யபரர் மூன்று நாட்களாகக் காய்ச்சலில் கிடப்பதும், அவருடைய சிறுவயது மகன் தட்டுத்தடுமாறி நீர் கொண்டுவருவதும் தெரிந்தன. நாவு நாள்தோறும் தனியனைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணோ அருகிலிருந்தவரைக் காணவில்லை. அன்று மாலை அவருடைய இல்லத்திற்குச் சென்றபோது என்னால் நிமிர்ந்து பேச இயலவில்லை.

துன்பத்தில் இருப்பவனிடம் நன்றியோடிரு என்று உபதேசிப்பது கொடுமை அன்றோ என்று ஒருவர் வினவலாம். ஆம், கொடுமையே. பசித்தவனுக்கு முதலில் கொடுக்க வேண்டியது அன்னம். வயிறு நிறைந்த நமக்கே நன்றி விதிக்கப்பட்டிருக்கிறது. நமக்கு வந்தது பிறர் கையால் வந்தது என்று அறிந்தபின், அது நம் கையால் இன்னொருவருக்குச் செல்ல வேண்டும் என்பதும் விளங்கும். கைங்கர்யமாக முதிராத நன்றி, தன் சுகத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் சோம்பலாக முடிந்துவிடும்.

ஆதலின் அடியேனுடைய விண்ணப்பம் சிறியதே. இல்லம் திரும்பியபின் நாள்தோறும் ஒரு நூலில் ஒரு பக்கமேனும் படியுங்கள்; படிக்குமுன் அதை நமக்குத் தந்தவர்களை நினையுங்கள். அதே நினைவோடு காலையில் அருந்தும் நீரையும், உண்ணும் அன்னத்தையும், மாலைக் காற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்று இம்மண்டபத்திலேயே அதைத் தொடங்கலாம். தொன்னையைக் கையில் வாங்கும்போது, அதிகாலையிலிருந்து அடுப்பருகே நிற்கும் தளிகை ஸ்வாமியின் திருநாமத்தைக் கேட்டறியுங்கள். அந்தப் பொங்கலுக்கு அதுவே தனியன்.

அடியேன் தாஸன்.